காவிரிப் பெருமீனும் நம் கணக்கேடும்

(லிங்கராஜபுரத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று இருக்கும்; கற்பையோ கொடையையோ வீரத்தையோ பேசுவர்; கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புவோம். அது நல்ல மரபே. ஆனால் இந்த ஆண்டு விழாக் குழுவினர், அறிவியல் செய்தி ஒன்றைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்று பணித்தார்கள். அவர்கள் கட்டளையை ஏற்று, ஒரு மீனைப் பற்றிப் பேச வந்துள்ளோம். "மீனைப் பற்றிப் பேச ஒரு மேடையா?" என்று எவரேனும் புன்னகை புரியலாம். கண்ணுக்குக் கயலையும் கெண்டையையும் உவமை சொன்ன மொழி நம் மொழி. கொடியில் மீனைப் பொறித்த அரச குலம் நம் நாட்டினது. ஆகவே மீனுக்கு இந்த மேடையில் இடம் கேட்பது புதுமையன்று, பழைய உரிமையே.

நாம் பேச வந்த மீன் காவிரியில் வாழ்வது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து மகசீர் என்று உலகம் அழைக்கும் குலத்தைச் சேர்ந்தது. தமிழில் பூமீன் கெண்டை, பொம்மீன் என்ற பெயர்கள் அக்குலத்துக்கு வழங்குகின்றன. கெண்டைக் குடும்பத்தில் பிறந்தாலும், நம் சந்தையில் காணும் கெண்டைக்கும் இதற்கும் அளவில் ஏணி வைத்தாலும் எட்டாது. தலைக்குப் பின்னால் திமில் போல முதுகு உயர்ந்திருக்கும். துடுப்புகளில் செம்மஞ்சள் நிறம் மின்னும். திமில் முதுகு மகசீர் என்பதே அதன் வழக்குப் பெயர். மைசூரில் புகழ் பெற்றிருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ! வளர்ந்த ஓர் ஆளின் எடைக்கு நிகரான மீன் நம் ஆற்றில் நீந்திற்று என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மீன் தேங்கிய நீரை விரும்பாது. பாறைகளுக்கிடையே பாயும் வேகமும், இடையிடையே ஆழ்ந்த மடுவும், முட்டையிடத் தூய கூழாங்கல் படுகையும் அதற்கு வேண்டும். மழை பெய்து ஆறு பெருகும்போது மேல்நோக்கி ஏறி முட்டையிடும். ஆற்றின் ஓட்டம் இயல்பாக இருந்தால்தான் அதன் குலம் தழைக்கும். எனவே இம்மீன் நலமாக இருக்கிறது என்றால் ஆறு நலமாக இருக்கிறது என்று பொருள். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போல, ஆற்றின் நாடியை இம்மீனைக் கொண்டு பார்க்கலாம்.

அதன் வீடு எங்கே உள்ளது? நம் வீட்டுக் குழாயின் மறுமுனையில் உள்ளது. சிவனசமுத்திரத்திற்கு அருகில் காவிரி நீரை எடுத்து, தொரேகாடனஹள்ளியில் தூய்மை செய்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு கடத்தி, 500 மீட்டர் அளவு உயரம் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டு வருகிறார்கள். அத்திட்டத்தின் முதற் கட்டம் 1974-இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அக்கட்டம் மட்டும் நாள்தோறும் 77.5 கோடி லிட்டர் நீர் தர வல்லது. நமக்காக நீர் எடுக்கப்படும் இடத்திற்குக் கீழே காவிரி காட்டுக்குள் புகுகிறது. பீமேஸ்வரி, காலிபோர், அர்க்காவதி வந்து கலக்கும் சங்கமம், மேகதாது, பிலிகுண்டுலு, ஒகேனக்கல் என்று அந்தப் பாதை செல்கிறது. யானை நீர் குடிக்கும் அந்தப் பாறைப் பள்ளத்தாக்கே திமில் முதுகு மகசீரின் பழைய தாயகம்.

இனி, நம் பேச்சின் நடுப்பொருளுக்கு வருவோம். ஆற்றுக்குள் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது? மாட்டை எண்ணலாம், மரத்தை எண்ணலாம். கலங்கிய வெள்ளத்தின் அடியில் மறைந்து திரியும் உயிரை எண்ணுவது எவ்வாறு?

இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டில் கண்ட விடையை முதலில் சொல்வோம். அங்கே 1872-இல் அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், கடல் மட்டத்திற்கு மேல் 7,700 அடி உயரத்தில் ஒரு பேரேரி உள்ளது. அதன் பழங்குடி மீன், தொண்டையில் செங்கீற்று உடைய ஒருவகை ட்ரௌட். நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்ட ட்ரௌட் அயல்நாட்டு விருந்தாளி. எல்லோஸ்டோன் ட்ரௌட்டோ அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்த குடி. அது முட்டையிட ஏரியிலிருந்து சிற்றோடைகளுக்குள் ஏறும். அவ்வாறு ஏறும் வழியில் தடுப்பமைத்து, கடந்து செல்லும் மீன்களை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கிளியர் கிரீக் என்னும் ஓடையில் 1978-இல் 70,000-க்கு மேற்பட்ட மீன்கள் ஏறின. 2007-இல் ஏறியவை 600-க்கும் குறைவு.

இடையில் நேர்ந்தது என்ன? ஏரி ட்ரௌட் என்னும் வேற்றிடத்து மீன் அங்கே புகுந்துவிட்டது. 1994-இல்தான் அது இருப்பதைக் கண்டறிந்தார்கள். அது பழங்குடி மீனைத் தின்று பெருகியது. பழங்குடி மீன் ஓடைக்கு வரும். கரடி பிடித்துத் தின்னும். புதிதாய் வந்த மீனோ ஏரியின் ஆழத்திலேயே முட்டையிடும், கரடிக்கு எட்டாது. ஆகவே ஒரு மீன் குறைய, கரடியின் உணவும் குறைந்தது. பின்னர் வலை வீசி, 40 லட்சத்திற்கு மேற்பட்ட ஏரி ட்ரௌட்டுகளை வெளியேற்றியிருக்கிறார்கள். பழங்குடி மீன் மெல்ல மீண்டு வருகிறது. இம்முயற்சிக்கெல்லாம் அடிப்படை எது? அந்த ஓடைக் கரையில் நின்று எண்ணியவர் எழுதி வைத்த கணக்கேடு! அந்த ஏடு இல்லையேல், "முன்பெல்லாம் மீன் நிறைய இருந்தது" என்ற பெருமூச்சு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இப்போது நம் காவிரிக்குத் திரும்புவோம். இங்கே தடுப்பு அமைத்து எண்ணியவர் எவரும் இலர். ஆனால் வேறொரு வகையில் ஒரு கணக்கேடு பிறந்தது. 1972-இல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் என்ற அமைப்புத் தோன்றியது. காவிரியின் ஒரு பகுதியில் வெடி வைத்து மீன் கொல்வதைத் தடுக்க அது பாடுபட்டது. பின்னர் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்கலி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. முன்னாளில் களவாக மீன் பிடித்தவர்களுள் சிலர் அம்முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணி பெற்றார்கள். நாள்தோறும் எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்பட்டது, எந்த வகை மீன் கிடைத்தது, எடை எவ்வளவு என்று ஏட்டில் எழுதினார்கள். எழுதியபோது அது வேட்டைப் பொழுதுபோக்கின் குறிப்பு. பிற்காலத்தில் அதுவே அறிவியலுக்குக் கருவூலமாயிற்று.

1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். 23,000 மணி நேரத்திற்கு மேற்பட்ட தூண்டில் உழைப்பு. 6,000-க்கு மேற்பட்ட மீன்கள். இக்கணக்கின் நுட்பத்தை இளைஞர்கள் அறிய வேண்டும். நூறு மீன் கிடைத்தது என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. பத்து மணியில் நூறு கிடைத்ததா, ஆயிரம் மணியில் நூறு கிடைத்ததா என்று கேட்க வேண்டும். உழைப்பால் விளைவை வகுத்தால் கிடைக்கும் எண்ணே ஆற்றின் நிலையைச் சொல்லும். ஆற்றிலுள்ள மீன் மொத்தம் எத்தனை என்று அது சொல்லாது; ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா, குறைகிறதா என்பதைச் சொல்லும்.

அந்த எண் கூடிக்கொண்டே போயிற்று! மேலோட்டமாகப் பார்த்தவர் மகிழ்ந்திருப்பர். ஆனால் வகை பிரித்துப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. பெருகியது நீலத் துடுப்பு மகசீர். அது காவிரிக்குரிய மீன் அன்று. கிருஷ்ணை ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. மகசீர் இனம் அழிகிறதே என்ற நல்லெண்ணத்தில், மராட்டிய மாநிலத்து லோணாவளாவில் டாட்டா நிறுவனத்தார் குஞ்சு பொரித்து வளர்த்தார்கள். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அக்குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. அவை செழித்தன. காவிரிக்கே உரிய திமில் முதுகு மகசீரோ ஆண்டுக்கு ஆண்டு அருகிற்று.

இதில் இன்னொரு செய்தி நெஞ்சைத் தொடுவது. திமில் முதுகு மகசீரின் எண்ணிக்கை குறைந்த அதே காலத்தில், அகப்பட்ட அவ்வகை மீன்களின் சராசரி எடை கூடியது. எடை கூடுவது நல்லதுதானே என்று தோன்றும். நம் சொந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போய்விட்ட சிற்றூரில், மீந்திருப்போரின் சராசரி வயது கூடுகிறது அல்லவா? அதை வளர்ச்சி என்று எவரும் சொல்லார். திண்ணையில் முதியவர் இருவர், பள்ளியில் குழந்தை இல்லை. காவிரியிலும் நேர்ந்தது அதுவே. கிழ மீன்கள் எஞ்சின, குஞ்சுகள் வரவில்லை. ஊரை விட்டு வந்த நமக்கு இக்கணக்கின் பொருளை வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை.

நீலத் துடுப்பு மீனின் வரவு ஒன்றே இதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. வெடி வைத்து மீன் கொல்வது, மணல் அள்ளுவது, அணைகளால் ஓட்டம் மாறுவது, கழிவு கலப்பது ஆகிய அனைத்தும் சேர்ந்தே அம்மீனை வருத்தின. கழிவில் நம் நகருக்கும் பங்கு உண்டு. பெங்களூரின் மேற்குப் பகுதிக் கழிவு விருஷபாவதி வழியே அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியை அடைகிறது. கிழக்குப் பகுதியின் கழிவு தென்பெண்ணைக்குப் போகிறது. எவ்வழியாயினும் நாம் கழித்த நீர், நம் உறவினர் வாழும் மாவட்டங்களின் ஆறுகளுக்கே போய்ச் சேர்கிறது.

இவ்வளவு பெரிய மீனுக்கு அண்மைக்காலம் வரை உறுதியான அறிவியற் பெயர்கூட இல்லை என்பது வியப்பிலும் வியப்பு. நெடுங்காலம் அதனை வேறொரு மீனின் பெயரால் தவறாக அழைத்து வந்தார்கள். பெயரில்லாத உயிரை ஆபத்துப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? குடும்ப அட்டையில் பெயரில்லாதவனுக்கு அரிசி கிடைக்குமா? 2018-இல்தான் இந்தியரும் ஆங்கிலேயருமாகிய அறிஞர் குழு ஒன்று மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, கேரளத்துப் பாம்பாற்றில் சில ஆண்டுகளுக்கு முன்பே சிறு மீன்களைக் கொண்டு பெயரிடப்பட்டிருந்த டோர் ரமாதேவி என்ற இனமே இது என்று நிறுவியது. பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்வதே. மீனியல் அறிஞர் ரமாதேவி அவர்களைப் போற்றும் பெயர் அது. அந்த ஆய்வுக்கு உயிருள்ள மீன் கிடைத்த இடம், முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் கலக்கும் மாயாறு. அதே ஆண்டு நவம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அம்மீனை, அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

அந்த 2018-ஆம் ஆண்டை நாம் வேறொரு காரணத்திற்காகவும் நினைவில் வைத்துள்ளோம். அவ்வாண்டு பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிலிகுண்டுலுவில் தமிழகத்திற்குச் சேர வேண்டிய நீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது, பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. அத்தீர்ப்பு வந்த நாள்களில் நம் போன்ற குடும்பங்கள் எத்தகைய மனநிலையில் இருந்தன என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறந்த ஊர் ஒரு கரை, பிழைக்கும் ஊர் மறு கரை. குழாயில் வரும் நீரைக் குடிக்கும்போதே, தஞ்சையில் அண்ணன் வயல் காய்கிறதா என்று எண்ணும் நெஞ்சம் நமக்கு. அவ்வழக்கின் நியாய அநியாயங்களை இம்மேடையில் ஆராய்வது நம் நோக்கமன்று. நாம் சுட்ட விரும்புவது ஒன்றே. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நாள்தோறும் நீரை அளக்கிறது. ஒரு கன அடி குறைந்தால் இரு தலைநகரங்களிலும் பேச்சு எழுகிறது. அதே இடத்தில் நீருக்குள் வாழும் உயிரை அளப்பார் எவரும் இலர்.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, மாநிலங்களின் பங்கு போகச் சுற்றுச்சூழல் காப்புக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. அந்தப் பத்தினை ஆற்றின் சொந்தப் பங்கு என்று கொள்ளலாம். பங்காளிகள் சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டில் இருக்கும் பேச முடியாத முதியவருக்கு ஒரு பங்கு எழுதி வைப்பதில்லையா? அது போன்றது. பங்கு எழுதியது நன்று. அது அவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டாமா? மீனை எண்ணும் பணி அத்தகையது. மேகதாதுவில் அணை கட்டும் திட்டத்தைப் பற்றி இரு மாநிலங்களும் வாதிடுகின்றன. எந்த முடிவு வந்தாலும், ஓடும் நீரில் மட்டும் வாழும் ஓர் உயிர் அப்பள்ளத்தாக்கில் உண்டு என்பது அக்கோப்பில் இடம்பெற வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் கூறியாக வேண்டும். 2012-ஆம் ஆண்டளவில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சரணாலயத்திற்குள் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. உயிரைத் துன்புறுத்தலாகாது என்ற நோக்கில் அது முறையே. தூண்டில் முள் பட்ட மீனுக்கு வலிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தூண்டிலோடு கணக்கும் நின்றுவிட்டது. கரையில் நாள்தோறும் நடமாடிய காவலும் குறைந்தது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. விளையாட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடலாகாது என்பதே நம் கருத்து. இன்று தூண்டில் இல்லாமலும் எண்ண வழி இருக்கிறது. மீன் உதிர்க்கும் செதிலும் சளியும் நீரில் விட்டுச் செல்லும் மரபணுத் துணுக்குகளை, ஒரு குடுவை நீரை வடிகட்டிக் கண்டறியும் முறை உலகெங்கும் வழக்கில் வந்துவிட்டது. அதனோடு ஒகேனக்கல் பரிசல்காரரின் அறிவையும் மாயாற்றங்கரைப் பழங்குடி மக்களின் அறிவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு நிறைவு பெறும்.

நற்செய்தியும் உண்டு. கர்நாடகப் பக்கம் 1987 முதல் காவிரிச் சரணாலயம் இருக்கிறது. தமிழகப் பக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நீரில் ஒன்றுபடாத இரு கரைகள் காட்டில் ஒன்றுபட்டுள்ளன. இரு மாநில வனத்துறையினரும் ஒரே முறையில், ஒரே பருவத்தில், ஒரே ஏட்டில் அம்மீனைக் கணக்கெடுத்தால் எத்துணைச் சிறப்பாக இருக்கும்! மீனுக்கு மாநில எல்லை தெரியாது. வெள்ளத்தில் மேலேறும்போது அது கன்னடக் கரையிலும், இறங்கும்போது தமிழ்க் கரையிலும் வாழ்கிறது. ஒரு வகையில் அது நம்மைப் போன்றதே.

இனி, லிங்கராஜபுரத்தில் வாழும் குடும்பங்களாகிய நாம் செய்யக் கூடியது யாது? மூன்று செயல்களை முன்மொழிகிறோம்.

முதலாவது, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போன மீனை எந்த ஏரியிலும் ஆற்றிலும் விடாதீர்கள். இரக்கத்தால் விடுகிறோம் என்று குழந்தைகள் நினைப்பர். ஆப்பிரிக்கக் கெளிறு இந்திய நீர்நிலைகளுக்கு விளைத்த கேட்டால், அதன் வளர்ப்பை மைய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்ய நேர்ந்தது. எல்லோஸ்டோன் ஏரி சொல்லும் பாடமும் இதுவே. நல்லெண்ணம் மட்டும் போதாது. எந்த மீன் எந்த ஆற்றினது என்ற அறிவும் வேண்டும்.

இரண்டாவது, கோடை விடுமுறையில் ஒகேனக்கலுக்கோ சிவனசமுத்திரத்திற்கோ போவோர், ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். பரிசல் ஓட்டுபவரிடமும் மீன் வறுத்துத் தருபவரிடமும் மரியாதையோடு பேசிப் பாருங்கள். அவர்கள் எந்தெந்த மீனை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், சிறுவயதில் கண்டு இப்போது காணாதது எது என்று கேட்டு, தேதியிட்டு எழுதுங்கள். தமிழ்ப் பெயரும் கன்னடப் பெயரும் இரண்டும் எழுதுங்கள். காவிரியின் மீன் பெயர்கள் முதியவர் நாவிலேயே இருக்கின்றன. அவர்களோடு போய்விட்டால் எந்த அகராதியும் அவற்றை மீட்டுத் தராது.

மூன்றாவது, நம் சங்கத்து நூலகத்தில் அவ்வேடுகளுக்கு ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குவோம். ஆண்டு விழாதோறும் அவ்வாண்டு வந்த குறிப்புகளை மாணவர் ஒருவர் இம்மேடையில் படிக்கட்டும். கன்னட நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் பிள்ளைகள் எழுதிய ஏட்டையும் சேர்த்து வைப்போம். நீர்ப் பங்கில் நம் இரு மக்களுக்கும் மனத்தாங்கல் நேர்ந்ததுண்டு. மீனை எண்ணுவதில் மனத்தாங்கல் நேர இடமில்லை. அங்கே இருவருக்கும் ஒரே கவலை, ஒரே கணக்கு.

காலிபோரில் தூண்டில் போட்டவர்கள் அறிவியலுக்காக எழுதவில்லை. ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவே. அந்த ஒழுங்குதான் ஓர் உயிரினத்தின் நிலையை உலகறியச் செய்தது. நம் பிள்ளைகள் எழுதப்போகும் ஏடும் எவருக்கு எப்போது பயன்படும் என்று இன்று சொல்ல முடியாது. எழுதத் தொடங்குவோம். முதல் குறிப்பேட்டினை விழாக் குழுவினர் இன்று மாலையே மாணவர் பகுதித் தலைவரிடம் வழங்குவார்கள். பெற்றோர் அனைவரும் ஆதரவு தந்து உதவ வேண்டுகிறோம்.